கஜாவுக்குப் பின் கரண்ட் இல்லாத வாரங்கள்: பட்டுக்கோட்டைப் பக்கத்து ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவுக்குப் பிறகு கரையேறிய கஜா புயல், கரையைத் தொட்டதும் அடங்கிவிடவில்லை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி என்று மேற்கே உள்ளே புகுந்து, கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஊர்களிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

முன்னேற்பாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புயலுக்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். மீனவர்களுக்கு எச்சரிக்கை போனது, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஆனால் அத்தனையும் அந்த ஒரு ராத்திரிக்கான ஏற்பாடு. விடிந்த பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருக்கப் போகிறோம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் எந்த வீடும் தயாராக இல்லை. அந்த வாரங்களில் என்ன நடந்தது, எது முதலில் தீர்ந்தது, எது கைகொடுத்தது என்பதை ஒரே ஒரு வீட்டை வைத்துப் பார்க்கிறேன். அது என் சித்தப்பா வீடு. பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், அவர்கள் கேட்டுக்கொண்டது அது.

வீடும் ஆட்களும்

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகும் பக்கத்தில் ஒரு கிராமம். முன்னால் பழைய ஓட்டு வீடு, பின்னால் சிங்கப்பூர்ப் பணத்தில் கட்டிய இரண்டு அறைத் தள வீடு, பக்கவாட்டில் மாட்டுக்குக் கீற்றுக் கொட்டகை. வீட்டைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் தென்னை. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் இது. நெல்லை நம்பி ஏமாந்தவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே தென்னைக்கு மாறிவிட்டார்கள். போர் போட்டு மோட்டார் வைத்துத் தோப்பு வளர்த்தார்கள்.

புயல் ராத்திரி வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அறுபதைத் தாண்டிய சித்தப்பா, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் சித்தி, எண்பதை நெருங்கும் அப்பாயி (அப்பாவின் அம்மா), மருமகள், தவழத் தொடங்கியிருந்த பேத்தி. மகன் சிங்கப்பூரில். இரண்டு கறவை மாடுகள்.

அந்த இரவு

பதினைந்தாம் தேதி சாயங்காலம் சித்தி செய்த ஒரு காரியம் பின்னால் பெரிய உதவியாயிற்று. கரண்டை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள் என்று, மாடியில் இருந்த ஆயிரம் லிட்டர் டேங்கை வழிய வழிய நிரப்பி வைத்தார். குடம், அண்டா, பழைய பெயின்ட் வாளி எதையும் விடவில்லை. இரவு சாப்பாடு முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. காற்றில் கம்பி அறுந்து யாரும் சாகக் கூடாது என்பதற்காக முன்னெச்சரிக்கையாக நிறுத்தியது அது.

எல்லோரும் தள வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். மாடுகளை மட்டும் கொட்டகையில் கட்டியிருந்தது. பத்து மணி வாக்கில் அப்பாயி, "மாட்டை அவுத்து விடுடா தம்பி, கட்டுன மாடு தப்பிக்காது" என்றார். சித்தப்பா போய்க் கயிற்றை உருவிவிட்டு வந்தார். விடிந்தபோது கொட்டகை இருந்த இடத்தில் நாலு கம்புதான் இருந்தது. மாடுகள் இரண்டும் வைக்கோல் போருக்கு ஒதுங்கி உயிரோடு நின்றன.

காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது. ஓடுகள் வரிசை வரிசையாகக் கிளம்பிப் போகிற சத்தம், தென்னை முறியும் சத்தம், எங்கோ தகரம் உருளும் சத்தம். விடிகாலையில், ஏறக்குறைய மூன்று மணிக்கு மேல், திடீரென்று எல்லாம் ஓய்ந்தது. சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். ஓட்டு வீட்டில் நெல் மூட்டை இருக்கிறது, தார்ப்பாய் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

"எங்கடா போற? இது முடியல. இனிமேதான் தெக்கேருந்து வரும். உள்ள வா."

அப்பாயி பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தருகே கரையேறிய புயலைச் சிறு பெண்ணாகப் பார்த்தவர். புயலின் கண் கடக்கும்போது காற்று ஓயும் என்பதும், அது கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும் என்பதும் அவருக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. கதவு மூடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்த காற்றில் வாசலோரத் தென்னை ஒன்று வேரோடு சாய்ந்து, ஓட்டு வீட்டின் நடுவில், நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த அறை மேலேயே விழுந்தது.

இதை நான் விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. வானிலை அறிவிப்புகளில் காற்றின் வேகம் சொன்னார்கள், கரையேறும் இடம் சொன்னார்கள். நடுவில் ஒரு ஓய்வு வரும், அப்போது வெளியே போகாதீர்கள் என்ற ஒரு வரி அந்த ஊரில் யார் காதிலும் பதியவில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்ல ஒரு கிழவி இருந்தார். இப்போது அப்படிப்பட்டவர்கள் இல்லாத வீடுகள்தான் அதிகம்.

முதலில் தீர்ந்தது தண்ணீர்

கரண்ட் போனால் இருட்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இருட்டு பெரிய தொந்தரவாக இருக்கவில்லை. வளர்பிறை, நாளுக்கு நாள் நிலா கூடிக்கொண்டு வந்தது. அரிக்கேன் விளக்கு இருந்தது, ரேஷன் மண்ணெண்ணெய் கொஞ்சம் இருந்தது, தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. 23ஆம் தேதி திருக்கார்த்திகை வந்தபோது தெரு முழுக்க அகல் மட்டும்தான் எரிந்தது. சமையலுக்குக் காஸ் இருந்தது. மிக்ஸி ஓடாததால் அம்மியும் ஆட்டுக்கல்லும் திரும்பவும் புழக்கத்துக்கு வந்தன. அந்த வேலை முழுக்க மருமகள் தலையிலும் சித்தி தலையிலும் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீர்ந்தது தண்ணீர். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் கிணறுகள் இருந்தன. போர் வந்த பிறகு கிணறுகள் குப்பைக்குழியாகி, பிறகு மூடப்பட்டு, மேலே வீடும் வந்துவிட்டது. நிலத்தடி நீர் இருபதடிக்குள் இருக்கிறது, மழைக்காலத்தில் இன்னும் மேலே வருகிறது. அதை மேலே கொண்டுவர எல்லா வீட்டிலும் இருந்த ஒரே வழி நீர்மூழ்கி மோட்டார். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும் அதே கரண்டுதான். ஐப்பசி அடைமழை பெய்து ஓய்ந்திருக்கிறது, வயலில் தண்ணீர் நிற்கிறது, வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதுதான் நிலைமை.

ஆயிரம் லிட்டர் கேட்பதற்குப் பெரிய அளவு. ஐந்து பேர், கைக்குழந்தையின் துணி, கழிப்பறை, இரண்டு மாடு என்று வைத்துப் பாருங்கள். ஒரு கறவை மாடு மட்டும் நாளைக்கு ஐம்பது லிட்டர் வரை குடிக்கும். டேங்க் நிரம்பியிருந்த வீடு என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தவர்கள் குடத்தோடு வந்தார்கள். சித்தி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. குடிக்க மட்டும் என்று ஒரு கட்டு வைத்தார். கழிப்பறைக்கும் மாட்டுக்கும் வாய்க்கால் தண்ணீர், துணிக்குக் குளம், குழந்தைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். இருந்தும் மூன்றாம் நாள் குழாயில் காற்றுதான் வந்தது.

கைகொடுத்தது பிள்ளையார் கோயில் முக்கிலிருந்த அடிபம்பு. ஊரில் யாரும் அதைத் தொட்டுப் பல வருடம். கைப்பிடி துருப்பிடித்து, வாய்க்குள் குருவி கூடு கட்டியிருந்தது. முன்பு பம்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தெருவில் இருந்தார். தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தார். குழாய் நன்றாக இருந்தது, உள்ளே இருந்த தோல் வாசர் மட்டும் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. கடைக்குப் போக முடியாது, ரோடெல்லாம் மரம். பழைய தோல் செருப்பு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அடித்தோலை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, தேங்காய் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் காலை மாட்டினார். மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அடிக்கச் சொன்னார். முதலில் வெறும் மூச்சுச் சத்தம். பிறகு செம்மண் கலங்கல். அரை மணி நேரம் மாறி மாறி அடித்த பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. தெரு முழுவதும் அந்த ஒரு பம்பில் வரிசை நின்றது. காலையில் பெண்கள், மத்தியானம் மாட்டுக்காரர்கள் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் வந்தது. மினி வேனில் ஏற்றி வீடு வீடாகப் போய் மோட்டாரை ஓட்டிக் கொடுப்பார்கள். ஒரு டேங்க் நிரம்ப இருநூறு, முந்நூறு. முதலில் வந்தது கல்யாண வீட்டுக்கு லைட் போடுகிற சின்ன மெஷின். அதில் ஒன்றரைக் குதிரைத் திறன் மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிட்டது. மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். ஓடுகிற கணக்கைப் பார்த்து ஜெனரேட்டர் பிடித்தால் கிளம்பவே கிளம்பாது. பெரிய மெஷின் வந்த பிறகே டேங்க் நிரம்பியது.

ஜெனரேட்டரை வீட்டு லைனில் கொடுக்கும் முன் மீட்டர் பெட்டியில் பீஸ் கட்டையைப் பிடுங்கி வைத்தாக வேண்டும். ஊர் லைன்மேன் ஒவ்வொரு வீட்டிலும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. பிடுங்காமல் ஓட்டினால் வீட்டுக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாக வெளியே போகும். டிரான்ஸ்பார்மருக்குத் தலைகீழாக ஏறினால் அங்கே 11,000 வோல்ட்டாக மாறும். இரண்டு ஊர் தள்ளிச் செத்த கம்பி என்று நம்பிக் கைவைத்திருப்பவர் அதோடு போய்விடுவார். சித்தப்பா பீஸ் கட்டைகளைப் பிடுங்கி மருமகளின் முந்தானையில் முடியச் சொன்னார். யார் கேட்டாலும் அவள் கொடுக்கக் கூடாது என்று பேச்சு.

மருந்து, போன், பணம்

சித்தியின் இன்சுலினுக்கு அப்பாயிதான் வழி சொன்னார். பெரிய மண்பானையில் மணலைப் பரப்பி, உள்ளே சின்னப் பானையை இறக்கி, இடையில் நிறைய மணல் போட்டு, மணலை எப்போதும் ஈரமாக வைத்து, மேலே ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தார்கள். மருந்துக் குப்பிகளைத் தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு உள்ளே வைத்தது. கார்த்திகைக் குளிர்ச்சியும் சேர்ந்துகொள்ள, மருந்து கெடவில்லை. பட்டுக்கோட்டைக்குப் போய் மருத்துவரைப் பார்க்க முடிந்தபோது அவரும் அதைத் தொடரச் சொன்னார்.

செல்போன் டவர்களில் பேட்டரி இருந்தவரை சிக்னல் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. சிங்கப்பூரில் இருந்த மகனுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் சாய்ந்த தோப்புகளின் வீடியோ. அதில் எது தன் ஊர் என்று தெரியாமல் அவன் தவித்தான். ஊர்ப் பையன் ஒருவன் சைக்கிளில் மெயின் ரோடு போய், சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து பத்து வீடுகளின் செய்தியைச் சேர்த்து ஒரே குரல்பதிவாக அனுப்பினான்: இன்னார் வீட்டில் எல்லோரும் நலம், இன்னார் வீட்டில் கூரை போயிற்று, ஆளுக்கு ஒன்றுமில்லை. அதைக் கேட்ட பிறகே மகன் சாப்பிட்டானாம். ஏடிஎம் எதுவும் ஓடவில்லை. பெட்டிக்கடைக்காரர் நோட்டுப் போட்டுக் கடன் கொடுத்தார். பால் வண்டி வராததால் கறந்த பால் குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போனது.

கம்பம் வந்த வழி

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. ஏன் இவ்வளவு என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி. எங்கள் பக்கம் கம்பிகள் தோப்புக்குள் நுழைந்து போகின்றன. மழையில் ஊறிய மண்ணில் நின்ற கம்பத்தைக் காற்று மட்டும் சாய்த்தது கொஞ்சம். தென்னை கம்பி மேல் விழ, அந்தக் கம்பி இந்தப் பக்கக் கம்பத்தையும் அந்தப் பக்கக் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழ, அப்படி வரிசையாகப் படுத்ததே அதிகம்.

கரண்ட் திரும்பி வருவதற்கு ஒரு வரிசை உண்டு. துணைமின் நிலையம் முதலில், பிறகு உயரழுத்த லைன், பிறகு டிரான்ஸ்பார்மர், பிறகு தெருக் கம்பம், கடைசியில் வீட்டு சர்வீஸ் வயர். டவுனுக்கு வந்துவிட்டது, பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது, நமக்கு ஏன் இல்லை என்ற கோபம் எங்கள் ஊரிலும் கொதித்தது. பல இடங்களில் சாலை மறியல் நடந்தது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வரிசையைத் தொடக்கத்திலேயே யாராவது விளக்கி, உங்கள் ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஊராட்சிப் பலகையில் தினமும் எழுதிப் போட்டிருந்தால் பாதி ஆத்திரம் அடங்கியிருக்கும்.

வேலைக்கு வந்தவர்கள் வெளிமாவட்டத்துக்காரர்கள். கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் டெல்டாவுக்கு வந்திருந்தார்கள். வண்டி போகாத சேற்றில் சிமெண்டுக் கம்பத்தைக் கயிறு கட்டி, இருபுறமும் தோள் கொடுத்து, வரப்பு வரப்பாகச் சுமந்து போனதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஊர்ப் பையன்களும் சேர்ந்து குழி வெட்டினார்கள். எங்கள் தெருவில் வேலை செய்தவர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு வேளை என்று சோறு போனது. சித்தி ஆக்கிப்போட்ட நாளில், மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் கை நடுங்கச் சோற்றைப் பிசைந்ததைச் சொல்லிச் சித்தி இப்போதும் கண்கலங்குவார். பகல் முழுக்கக் கம்பி இழுத்த கை அது. மூன்று வாரத்துக்கும் மேலே ஆனபிறகு வீட்டில் விளக்கு எரிந்தது. தோப்பு மோட்டாருக்கு லைன் வர இன்னும் மாதங்கள் பிடித்தன.

தோப்பு

சித்தப்பா முதல் சில நாட்கள் தோப்புப் பக்கமே போகவில்லை. ஐந்து ஏக்கர், முந்நூற்றைம்பது மரத்துக்குக் கிட்டத்தட்ட. நின்றது ஐந்தில் ஒரு பங்கு. அவர் அப்பா வைத்த மரங்கள் அவை. வாசலில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டிருப்பார், கூப்பிட்டால் "ம்" என்பார். அவரை எழுப்பியது ஆறுதல் பேச்சில்லை. மாட்டுக்குத் தண்ணீர் தூக்க ஆள் வேண்டியிருந்தது. அடிபம்பு வரிசையில் நின்றபோது மற்றவர்களும் தங்கள் மரக்கணக்கைச் சொன்னார்கள், இவரும் சொன்னார். அன்றைக்குத்தான் பேச ஆரம்பித்தார் என்பாள் மருமகள்.

நிவாரணக் கணக்கு இது: விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். காய்ப்பில் இருக்கும் நல்ல மரம் வருடத்துக்கு நூறு காயை ஒட்டித் தரும். ஆக அந்தத் தொகை ஏறக்குறைய ஒரு வருட விளைச்சல். புதுக் கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு வருடம். நடுவில் உள்ள வருடங்களுக்குச் சித்தப்பா உளுந்தும் வாழையும் போட்டார். மகன் ஊருக்குத் திரும்பி வரும் யோசனையைத் தள்ளிப்போட்டான். விழுந்த மரங்களை உடனே அப்புறப்படுத்த வேண்டிய அவசரமும் இருந்தது. மட்கும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும், நிற்கிற மரத்தின் குருத்தை அது தின்னும். மரம் அறுக்கும் மெஷினுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள். நின்ற மரங்களிலும் சில, காற்றில் குருத்து முறுக்கிப்போனதால் சில மாதங்களில் தலை சாய்ந்தன.

வீட்டில் மாறியவை

தோப்பு லைனுக்காகக் காத்திருக்காமல், வீட்டில் விளக்கு எரிந்த கையோடு சித்தி செய்யச் சொன்ன முதல் வேலை, கொல்லைப்புறத்தில் சொந்தமாக ஒரு அடிபம்பு இறக்கியது. வாரம் ஒருமுறை அதை அடித்துத் தண்ணீர் எடுத்தாக வேண்டும் என்பது வீட்டு விதி. அடிக்காவிட்டால் வாசர் காய்ந்துவிடும். மாற்று வாசர் இரண்டு, மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாற்றுச் சுவிட்ச் ஒன்று போட்டாயிற்று. ஜெனரேட்டர் பக்கம் திருப்பினால் வெளி லைன் தானாகத் துண்டாகிவிடும். ஓட்டு வீட்டைத் திரும்பக் கட்டவில்லை. வீட்டின் மேல் சாயக்கூடிய தூரத்தில் புதுக் கன்று எதுவும் வைக்கவில்லை.

ஊர் அளவில் ஒன்று நடந்திருந்தால் இந்த வீட்டின் கஷ்டத்தில் பாதி இருந்திருக்காது. மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கு என்று ஒரு ஜெனரேட்டர் புயலுக்கு முந்தைய நாளே ஊருக்குள் வந்திருக்க வேண்டும். பல நாள் கழித்து வந்தபோது, ஒரே நாளில் எல்லாத் தெருக் குழாயிலும் தண்ணீர் வந்தது. வீடு வீடாக வாடகை கொடுத்து நிரப்பிய தண்ணீரை ஒரே இடத்தில் நிரப்பிக் கொடுத்திருக்கலாம். வானிலை மையம் எச்சரிக்கை விடுத்ததும் முகாமுக்கு அரிசி அனுப்புவதைப் போலவே, ஊராட்சித் தொட்டிக்கு ஜெனரேட்டர் அனுப்புவதும் கட்டாய வேலையாக வேண்டும்.

இன்னொன்று பாக்கி. விழுந்த கம்பங்களுக்குப் பதிலாக வந்தவற்றை அவசரத்தில் பழைய தடத்திலேயேதான் நட்டார்கள். அன்றைக்கு வேறு வழியில்லை. அதனால் லைன் இப்போதும் தோப்புக்குள்தான் போகிறது. அதைச் சாலையோரமாக மாற்றித் தரச் சொல்லித் தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறார்கள். சித்தப்பாவின் கையெழுத்து முதலில் இருக்கிறது. லைனுக்கு அடியில் பல தோப்புகளில் புதுக் கன்று வைத்தாயிற்று. அவை கம்பி உயரத்துக்கு வளர்வதற்குள் லைன் இடம் மாறியாக வேண்டும்.